எதிரி தேடிய அண்ணி

என் அண்ணி வேதம் வாசிக்கும் விதம் ஊரில் யாருக்கும் இல்லாதது. வாசித்ததைச் செய்து முடிக்கும் வரை அடுத்த பகுதிக்குப் போகமாட்டாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், முறைக்குத்தான் அண்ணி. அதனால் நேரில் "நீங்க", மனசுக்குள் "அவள்".

இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று ஒரு நாள் வாசித்தாள். மறுநாள் காலை என் அண்ணனின் நல்ல சட்டை தெருக் கூட்டுகிறவர் மேல் போய்க்கொண்டிருந்தது. "ஆண்டவர் கேட்டது உன் துணியையா, என் துணியையா?" என்று அண்ணன் பனியனோடு நின்று கேட்டான். நாளையைப் பற்றிக் கவலைப்படாதே என்ற பகுதி வந்தபோது, கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் வீட்டில் உப்பு இல்லை. மற்றவரைத் தீர்ப்பிடாதே என்ற இடத்தில் அவள் மாட்டிக்கொண்ட மாதம்தான் எனக்குப் பெரிய இம்சை. சாப்பாட்டு வேளையில் நாங்கள் பேசுவதெல்லாம் தீர்ப்புதான் என்று சொல்லி வாயையே திறக்கவில்லை. நான் சுவரோடு பேசி முடித்தேன்.

சிரிக்கிறேன் என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அண்ணியும் நானும் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். என் அண்ணனும் அங்கேதான் ரோலர் மெஷினில் இருந்தான். ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் விட்டால் மறுபக்கம் இஸ்திரி போட்டதுபோல வரும். நாலு வருஷத்துக்கு முன் விரிப்போடு அவன் வலது கையும் உள்ளே போனது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. அவன் இடத்துக்குச் சூப்பர்வைசர் அண்ணியைச் சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் அவள் அந்த மெஷின் பக்கம் திரும்பினாலே உடம்பு நடுங்கியது. காலையில் வாசித்த ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டே கிட்டே போவாள். பயம் போகவில்லை, ஆனாலும் ஆள் போனாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஜெபம் என்றாலே கொட்டாவி வரும், இருந்தும் அதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

ரோலரின் மறுபக்கம் வரும் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. ஒவ்வொரு விரிப்பை மடிக்கும்போதும் அதில் படுக்கப்போகிற நோயாளிக்காக அவள் ஜெபிப்பாள். பெரிய நோய் என்று தோன்றினால் மெதுவாக மடிப்பாள். "அண்ணி, இது சளிக்காரனுக்குன்னு வச்சுக்கங்க, சீக்கிரம் முடிப்போம்" என்பேன்.

இந்த வருஷம் அவள் வந்து நின்ற இடம், எதிரியை நேசி, அவனுக்காக ஜெபி என்ற பகுதி. வழக்கம்போல உடனே செய்யக் கிளம்பினாள். அங்கேதான் சிக்கல்.

"எனக்கு எதிரின்னு யாருமே இல்லையே" என்றாள், விரிப்பின் மறுமுனையில் இருந்து.

"அப்ப அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்க."

"தாண்டக் கூடாது. செய்யணும்."

அன்று முதல் எதிரி வேட்டை தொடங்கியது. மேல்மாடிக்காரி ஒருமுறை அண்ணியின் வாளியை உதைத்தாள், அவள் எதிரி ஆவாளா என்று அண்ணி யோசித்தாள். அவள் மறுநாளே மன்னிப்புக் கேட்டுவிட்டாளாம், கணக்கில் வராது. சாப்பாட்டு வேளையில் எல்லாரிடமும் விசாரித்தாள். "உங்களுக்கு என்மேல ஏதாவது கோபம் இருக்கா? கொஞ்சமாவது?" துணி உலர்த்தும் டிரையர்க்காரருக்குப் புரையேறிவிட்டது. "வேணும்னா நான் எதிரியா இருக்கேம்மா, என்ன செய்யணும் சொல்லு" என்றார். சலவைக்கூடமே சிரித்தது. தன் மேஜையில் இருந்த சூப்பர்வைசர் மட்டும் எழுந்து வெளியே போனார். வெற்றிலையில் மை போட்டுப் பார்க்காத குறையாக இவள் தேடுவதை அவரும் வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அவர் நல்ல மனுஷன் என்பது எங்கள் எல்லாருடைய முடிவு. ஆஸ்பத்திரியில் அண்ணனை முதலில் வந்து பார்த்தவர் அவர். அண்ணி தினமும் முதல் விரிப்பை மடிக்கும்போது ஜெபத்தில் நன்றியோடு சொல்வது அவர் பெயரைத்தான்.

ஒரு மதியம் அவர் எங்கள் மடிப்பு மேஜைக்கு வந்து நின்றார்.

"இனிமே தேடாதம்மா. உன் எதிரி நான்தான்."

நான் சிரித்துவிட்டேன். டிரையர்க்காரர் சொன்னதையே இவரும் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் என் சிரிப்பு நின்றது.

"ரோலருக்கு முன்னாடி தடுப்புப் பட்டை இருக்குல்ல. கை பட்டா மெஷின் நிக்கும். அன்னைக்குத் துணி குவிஞ்சு கிடந்துச்சு. பட்டையில விரிப்பு பட்டுப் பட்டு மெஷின் நின்னுக்கிட்டே இருந்துச்சு. உன் புருஷன் வர்றதுக்கு முன்னாடி நான்தான் அதை அசையாம துணியால கட்டி வச்சேன். அவனைத் தூக்கிட்டுப் போனதும் அவுத்துட்டேன். விசாரணையில அவன் கவனக்குறைவுன்னு சொன்னது நான்தான்."

அண்ணி கையில் இருந்த முனை நழுவித் தரையில் விழுந்தது. துவைத்த விரிப்பைத் தரையில் விடுவது எங்கள் கூடத்தில் நடக்காத காரியம். இருவருமே குனியவில்லை.

எனக்கு உறைத்தது அவர் செய்தது மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்ததும் என் அண்ணன் சொன்ன முதல் வார்த்தை, "பட்டையைத் தட்டினேன், நிக்கல" என்பது. மயக்கத்தில் உளறுகிறான் என்றோம். வீட்டுக்கு வந்தும் சொன்னான். சரிப்பா, விடுப்பா என்றோம். அதன் பிறகு அவன் சொல்வதை நிறுத்திக்கொண்டான். அண்ணியோ தினமும் சாயங்கால ஜெபத்தில், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, "என் புருஷனோட அஜாக்கிரதையை மன்னியும் ஆண்டவரே" என்று உருகி உருகிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சூப்பர்வைசரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நான் கூடச் சேர்ந்துகொள்ளத் தயாராக இருந்தேன்.

"வீட்டுக்கு வந்து அவர்கிட்ட சொல்லுங்க" என்றாள். குரலே அவளுடையதாக இல்லை.

வேலை முடிந்து மூவரும் வீட்டுக்கு நடந்தோம். அண்ணன் இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். சூப்பர்வைசர் உட்காராமல், நிலைப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கீரையைக் கீழே வைத்தான்.

"நான் தட்டினேனா சார்?"

"தட்டினப்பா. ரெண்டு தடவை. நான் பாத்தேன்."

"இதை அங்க எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?"

"நாளைக்கே சொல்றேன். மேலிடத்துலயும் சொல்றேன். வேலை போனாப் போகட்டும்."

"சரி, போங்க" என்றான் அண்ணன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவர் படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அவ்வளவு வயதானவர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு வருஷமா உங்க பக்கத்துலயே உக்காந்து உங்க மேலயே பழி சொல்லி ஜெபிச்சேனே" என்றாள். "நான் எதிரியை ஊரெல்லாம் தேடினேன். இந்த வீட்டுல உங்களுக்கு எதிரி நான்தான். என்னை மன்னிச்சிருங்க."

அண்ணன் கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"அதை எப்பவோ ஆரம்பிச்சுட்டேன்" என்றான். "நீ அந்த ஜெபம் பண்றப்பல்லாம் நான் பக்கத்துல உக்காந்து உன்னைத்தான் மன்னிக்கப் பாத்துக்கிட்டு இருந்தேன். சில நாள் முடிஞ்சது. சில நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். மறுநாள் மறுபடி முதல்ல இருந்து. அந்தாளுக்கு இன்னைக்குத்தான் ஆரம்பிக்கணும். அது எப்ப முடியும்னு எனக்குத் தெரியல."

வேதத்தைக் கையில் எடுத்து அவன் வாசித்து நான் பார்த்ததே இல்லை. அண்ணி வாசிப்பாள், அவன் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கேட்பான். காதில் வாங்குகிறானா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

இது புருஷன் பெண்டாட்டி சமாசாரம், நமக்கென்ன என்று நான் மெல்லச் செருப்பை மாட்டினேன்.

"நீயும் உக்காரு" என்றான் அண்ணன் என்னைப் பார்த்து. "உன்னையும் சேத்துத்தான் மன்னிக்கப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

செருப்பைக் கழற்றினேன். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.