வகுப்பு ஒழுங்குக்குப் பத்து

பள்ளிகளில் பாலியல் நலம், எச்.ஐ.வி. தடுப்பு பற்றிய பாடத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. ஆவடியில் ஒரு தனியார் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவில் டீச்சர் புத்தகத்தைப் பார்த்தே வாசித்தார். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். 'பி' பிரிவிலோ ஒரே சிரிப்பு.

"மிஸ், கொசு கடிச்சா வருமா?"

"முத்தம் குடுத்தா?"

அந்த டீச்சரும் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரே வந்து எட்டிப் பார்த்தார்.

படிவத்தில் 'வகுப்பு ஒழுங்கு' என்று ஒரு கட்டம் உண்டு. 'ஏ'வுக்குப் பத்து போட்டேன், 'பி'க்கு நான்கு. எந்த மடையன் அந்தக் கட்டத்தை வைத்தான் என்று இன்றைக்குத் திட்டுகிறேன். அன்றைக்கு யோசிக்காமல் நிரப்பியவள் நான்தான்.

அடுத்த வருடம் போனபோது இரண்டு பிரிவுக்கும் 'ஏ' டீச்சரே பாடம் எடுத்தார். 'பி' டீச்சரிடம் நிர்வாகத்தில் என் மதிப்பெண்ணைக் காட்டிப் பேசினார்களாம். அவர் மண்ணூர்பேட்டைப் பக்கம் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். இந்த முறை ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை.

கிளம்பும்போது கேட் அருகே ஒரு மாணவி ஓடி வந்தாள்.

"மேடம், போன வருஷம் எங்க அக்காவுக்கு இந்தப் பாடம் எடுத்த மிஸ் வரமாட்டாங்களா? அவங்ககிட்டன்னா எது வேணா கேக்கலாம்னு அக்கா சொல்லிச்சு."

"அவங்க இப்ப இங்க இல்லம்மா. என்கிட்ட கேளேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அந்த ஃபைலில் இரண்டு பிரிவுக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன்.