தெருக்கோடி மைதானம்

பள்ளியில் மகளின் எடை கூடியிருப்பதைப் பார்த்த நர்ஸ், அவளை வெளியே அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார்.

"இவ ஒருத்தி மட்டும் இல்லீங்க. உங்க தெருப் பிள்ளைங்க பாதிப் பேரு இப்படித்தான். எந்நேரமும் உட்காந்துகினே இருந்தா எப்படிங்க?"

எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் தெருவில் பிள்ளைகள் எங்கே ஓடும்? காலையில் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டியிருப்பார்கள், மாலையில் பைக்குகள் நிற்கும். நானே நாள் முழுக்கப் பட்டுத் தறியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையை எழுந்து ஓடு என்று எந்த வாயால் சொல்வது?

தெருக்கோடியில் நகராட்சி இடம் ஒன்று குப்பைமேடாகக் கிடந்தது. அதைப் பிள்ளைகளுக்கு மைதானமாக்கித் தரச் சொல்லி, பெண்கள் சிலர் சேர்ந்து மனு எழுதினோம். நான்கு முறை ஆபீசுக்கு அலைந்தேன். ஐந்தாம் முறை போவதற்குள் குப்பையை அள்ள ஜேசிபி வந்துவிட்டது. அது போன பிறகு முள்ளை நாங்களே வெட்டி, சுற்றி நடக்க மண் கொட்டினோம். அந்த மாதம் மாலையில் பிள்ளைகளின் கூச்சல் என் தறி வரைக்கும் கேட்டது.

அடுத்தது பள்ளி வாசலில் இருந்த போண்டாக் கடை. அதை நடத்தும் அக்காவோடு எனக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் என்னையே பேச அனுப்பினார்கள்.

"எண்ணெய்ச் சட்டிய எடுத்துட்டு சுண்டல் போடுங்களேன்க்கா."

"போடறேன். யாரு வாங்குவா?"

"நாங்க வாங்கறோம்."

அவர் போட்டார். இரண்டு வாரம் நாங்களும் வாங்கினோம். பிறகு தீபாவளிச் சேலைகளுக்கு அவசரம் வந்தது. தறியை விட்டு எழவே முடியவில்லை. மற்றவர்களுக்கும் அதே கதை. ஒரு நாள் கடைப்பக்கம் போனபோது, ஊசிப்போன சுண்டலை அக்கா மாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஆளயே காணோம்? உங்கள நம்பித்தானே போட்டேன். ஒரே பேஜாரா போச்சு."

மறுவாரமே எண்ணெய்ச் சட்டி திரும்பி வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

தீபாவளிக்கு முந்தைய வாரம், காலையிலிருந்து சாப்பிடாமல் மகளை அழைத்துவரப் போனேன். வாசனை தாங்கவில்லை. மகளுக்குப் போண்டாவே கூடாது என்று சொல்லியிருந்த நான், இரண்டு போண்டா வாங்கி, நின்றபடியே ஒன்றைக் கடித்தேன். அப்போதுதான் மகள் வாசலைத் தாண்டி வந்தாள்.

"எனக்கு மட்டும்தான் வேணாமாம்மா?"

கத்தவில்லை, அழவில்லை. கேட்டுவிட்டு நின்றாள், அவ்வளவுதான். மீதியிருந்த போண்டாவைப் பிட்டுப் பாதியைக் கொடுத்தேன். இருவரும் தின்றோம். வீட்டுக்குப் போகாமல் மைதானத்துக்கு நடந்தோம். அங்கே பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கு வந்த வேன்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு இடையில் புகுந்து புகுந்து மூன்று சுற்று நடந்தோம். வேனில் சாய்ந்திருந்த டிரைவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

இப்போது வேன் நிறுத்தக் கூடாது என்று இன்னொரு மனு கொடுத்திருக்கிறோம். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் இதில் போடவில்லை. அக்கா வாரத்தில் இரண்டு நாள் சுண்டல் போடச் சம்மதித்திருக்கிறார், முந்தின நாளே சொல்லி வைத்தால் மட்டும். மகளின் எடை குறையவில்லை. கூடவும் இல்லை என்கிறார் நர்ஸ். அதைக் கேட்டு சந்தோஷப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நேற்று தறியை விட்டு எழுந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்துவிடலாம் என்று பாயை எடுத்தேன். மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வர்றியா, நான் மட்டும் போவட்டுமா?"

பாயை வைத்துவிட்டுப் போனேன்.