விரிசலைப் படம் எடுத்தவர்

அடையாற்றில் ஒரு சைக்கிள் கடையில், வாரண்டி கேட்டு வருபவர்களைக் கவனிப்பவர் அவர். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் ஒரு மஞ்சள் துணி. யாருடைய பிரேம் விரிசல் விட்டிருந்தாலும் முதலில் அந்தத் துணியால் துடைப்பார். பிறகு வெளிச்சத்துக்குத் திருப்பி, கம்பெனிக்கு அனுப்பக் குனிந்து படம் எடுப்பார்.

வீடு வீடாகப் போய் டியூஷன் எடுக்கும் எனக்குச் சைக்கிள்தான் பிழைப்பு; அதன் பிரேமிலும் விரிசல். வாரண்டி கிடைக்காவிட்டால் புது பிரேமுக்குச் சைக்கிள் விலையில் பாதி ஆகும்.

“யாருக்காவது இலவசமா மாத்திக் குடுத்திருக்காங்களா?” என்று கேட்டேன்.

“நான் வந்ததுலேர்ந்து ஒருத்தருக்கும் இல்ல சார். ஓட்டுனவங்க தப்புன்னு சொல்லிடுவாங்க.”

“அப்புறம் எதுக்கு போட்டோ?”

“எடுக்கலன்னா இங்கியே நின்னுக்கினு இருப்பாங்க சார். எடுத்தா வூட்டுக்குப் போவாங்க.”

சொல்லிக்கொண்டே என் சைக்கிளின் விரிசலையும் துடைத்துப் படம் எடுத்தார். அத்தனையும் கேட்ட பிறகும், “தெளிவா விழுந்திருக்கா?” என்று எட்டிப் பார்த்தேன்.