நாகேந்திரனின் கூட்டு ஆராய்ச்சி

காலையில் ஷெட்டைத் திறந்ததும் நாகேந்திரன் லேத் மெஷினைத் திட்ட ஆரம்பிப்பார். "இன்னாடி, ராத்திரி பூரா தூங்கினல்ல? இன்னிக்காவது ஒயுங்கா சுத்து!" அதன் பிறந்த வீட்டார் வரைக்கும் இழுத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். திட்டு வாங்காத மெஷின் உருப்படாது என்பது அவர் கட்சி. மனைவி ரத்தினம்மாவிடம் மட்டும் இந்தக் கட்சி செல்லாது. வீட்டில் திட்டு வாங்குகிற மெஷின் நாகேந்திரன்தான்.

நகரி பக்கத்து ஆள். சித்தூரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் முளைத்த வருஷங்களில் திருப்பதிக்குக் குடிவந்து, ரேணிகுண்டா சாலையில் தகர ஷெட் போட்டார். மாம்பழத்திலிருந்து கொட்டையைத் தனியாகத் துப்புகிற மெஷின் ஒன்றைத் தன் கையால் கட்டிவிட வேண்டும் என்று அவருக்குத் தீராத வெறி.

அந்த நேரம் பார்த்து, அரசாங்க ஆய்வுக்கூடங்கள் சிறு தொழிற்கூடங்களோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்ய ஊக்கம் தருகிற சட்டம் வந்தது. திருப்பதி ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி உமாபதிக்கு அவசரமாக ஒரு சிறு தொழிற்கூடம் தேவைப்பட, கண்ணில் பட்டவர் நாகேந்திரன். "சர்க்காரு நம்மளோட சம்பந்தம் பண்ணிக்கினு கீது" என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சம்பந்தியோ பிடி கொடுக்கவில்லை. உமாபதி கோயம்புத்தூர்க்காரர்; யார் மனமும் நோகப் பேசத் தெரியாதவர். நாகேந்திரன் கட்டி நிறுத்திய மாங்கொட்டை மெஷினைச் சுற்றிச் சுற்றி வருவார். "நல்ல முயற்சிங்க, பரிசீலிக்கலாமுங்க" என்பார். சோதனைக்கு எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்து மட்டும் போடமாட்டார். இரண்டு மாம்பழப் பருவம் இப்படியே போயிற்று. மூன்றாவதிலும் சோதனை நடக்காவிட்டால் கூட்டு ரத்து, மெஷின் பழைய இரும்புக் கடைக்கு. நாகேந்திரனுக்குச் சோறு இறங்கவில்லை. "வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். பரிசீலனை பரிசீலனைன்னு என் உசுர துன்னுக்கினு கீறாரு."

மே மாதம் ஊர் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை வந்தது. வேஷம் கட்டியவன் யாரை வேண்டுமானாலும் வாய் கூசாமல் வையலாம். வாங்கிக்கொள்கிறவன் கோபிக்கக் கூடாது. அது திருப்பதி வழக்கம். நாகேந்திரன் ரத்தினம்மாவின் கத்தரிப்பூ நிறச் சேலையைக் கட்டி, முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு, நேராக உமாபதியின் குவார்ட்டர்ஸுக்குப் போய் நின்றார்.

"வாய்யா வெளிய! ரெண்டு வருசமா பொண்ணு பாத்துக்கினே கீறியே, புடிச்சிக்கீதா இல்லியா? வாயில இன்னா, கொயுக்கட்டையா?"

அச்சில் ஏற்றக்கூடியது இவ்வளவுதான்.

கதவு திறந்தது. நாகேந்திரனுக்கே தூக்கிவாரிப் போட்டது. போன ஜாத்திரைக்கெல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷன், இந்த முறை சட்டையில்லாமல், தொந்தியெல்லாம் சந்தனம் அப்பிக்கொண்டு நின்றார். அவரும் வேஷம் கட்டியிருந்தார்.

"அறிவு இருக்குதுங்களா உங்களுக்கு? அதெல்லாம் ஒரு மெஷினுங்களா? கொட்டையத் துப்பச் சொன்னா பாதிச் சதையையும் சேத்தித் துப்புதே! கத்தியோட வளைவே தப்புங்க. மொதல் நாளே தெரியும். கொழந்தையக் காட்டற மாதிரி காட்டறீங்க, மூக்கு சரியில்லைன்னு எந்த மடையன் சொல்லுவான்? வேஷங் கட்டாம எனக்கு வைய வருமுங்களா?"

தெருவே கொல்லென்று சிரித்தது. நாகேந்திரன் சிரிக்கவில்லை. அவமானமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

"மொத வருசமே இப்டி திட்டியிருந்தா இந்நேரம் ஓடிக்கினு இருக்குமே சார்" என்றார், குரல் இறங்கி. "எங்க தப்பு? காட்டு."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசல் சிமெண்டில் குந்தினார். கன்னத்துக் கரியை விரலால் வழித்து, தன் மெஷினின் கத்தியைத் தரையில் வரைந்தார். உமாபதி எதிரே வந்து குந்தி, கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, வளைவைத் திருத்திப் போட எதையோ தேடினார்.

நாகேந்திரன் தன் இன்னொரு கன்னத்தை அவர் பக்கம் நீட்டினார்.