இறக்கத்தில் கனத்த ஸ்டீயரிங்

தாராவியில் அப்பாவின் கடை வேனில்தான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அதில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒரு சந்துக்குள் திருப்பி நிறுத்துவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய பழைய காரில் இருந்தது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், எஞ்சின் பலத்தில் உதவுவது. எஞ்சின் ஓடும்வரை பூப்போலத் திரும்பும். எஞ்சின் நின்றால் அந்த உதவியும் நின்றுவிடும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஒரு மழைநாள் காலை, செம்பூர் மேம்பாலத்தின் இறக்கத்தில் எஞ்சின் நின்றுபோனது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓரம் கட்ட இடதுபக்கம் திருப்பினேன். ஸ்டீயரிங் அசையவில்லை.

பக்கத்து சீட்டிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "ஏளா, லாக் ஆயிட்டு! லாக் ஆயிட்டு!"

நானும் அதை நம்பிவிட்டேன். பாலம் இடதுபக்கம் வளைய, கார் நேராக நடுச்சுவரை நோக்கி உருண்டது. அப்போதுதான் கவனித்தேன். பயத்தில் அவர் கை ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது.

"கைய எடுங்க!" என்று அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். எடுத்தார். ஸ்டீயரிங் அப்பாவின் வேனைப் போலவே கனத்தது, ஆனால் திரும்பியது. பஸ் எங்கள் கார் கண்ணாடியை உரசாத குறையாகக் கடந்து போனது.

"ஹைட்ராலிக்கை நம்பவே கூடாது," என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது எங்களிடம் இருப்பது எலக்ட்ரிக் ஸ்டீயரிங் கார். ஒற்றை விரலில் திரும்புகிறது, எஞ்சின் நின்றாலும் பேட்டரி கைகொடுக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் பெருமையடிக்கிறார். பாலத்தில் இறங்கும்போதெல்லாம் என் ஒரு கண் ரோட்டில் இருக்கும், இன்னொன்று அவர் கைமேல்.