காக்கைப் பாட்டும் என் திக்குவாயும்

அறுபதுகளில் திருவள்ளூரில் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். எனக்குத் திக்குவாய். ‘க’வில் தொடங்கும் சொல் என்றால் நாக்கு எழவே எழாது. பிள்ளைகளுக்கு மோனை நடத்திக் காட்ட வேண்டிய தேர்வு வகுப்பில் எனக்கு வந்ததோ, முதல் வரி முழுக்க ‘க’வாகவே வரும் காக்கைப் பாட்டு.

“வேற பாட்டு கேளுடி, பேஜாராப் பூடும்” என்றாள் தோழி சரோஜா.

“இதையேதான் நடத்துவேன்” என்றேன்.

முதல் வரியிலேயே “கா... கா... கா...” என்று சிக்கிக்கொண்டேன். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. முன்னால் இருந்த சிறுமி திரும்பி, “இன்னாத்துக்குடி சிரிக்கிறீங்கோ? டீச்சர் காக்கா மாதிரி கத்திக் காட்றாங்கோ!” என்று அதட்டினாள். வகுப்பே சேர்ந்து கரைந்தது.

அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். மனம் ஒப்பவில்லை.

“இல்லம்மா, எனக்குத் திக்கும். நான் திக்கின எழுத்துதான் இந்த வரியில எல்லாச் சொல்லுக்கும் முதல்ல வருது. அதான் மோனை” என்று சொல்லி, திக்கித் திக்கியே பாட்டை முடித்தேன்.

தேறிவிட்டேன். அதன்பிறகு ‘க’வுக்குப் பயந்து நான் வேறு சொல் தேடியதில்லை.