கேட்கக்கூடாத கேள்வி

திண்டிவனத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் வார்த்தை "சாப்டியா?" தான். சாவு வீட்டிலும் அழுகை ஓய்ந்ததும் அதைத்தான் கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்கு என் வீட்டில் தடை போட்டார் விழுப்புரத்து டாக்டர். பிளஸ் டூ படிக்கும் என் மகள், குண்டாகிவிடுவோம் என்று பயந்து பயந்து சாப்பாட்டையே ஒதுக்கி, எலும்பும் தோலுமாகி, அவரிடம் சிகிச்சையில் இருந்தாள். "கூட உக்காந்து நீங்களும் சாப்புடுங்க. சாப்டியான்னு கேக்காதீங்க, தட்டையே மொறைக்காதீங்க. ஒடம்பப் பத்திப் பேச்சே கூடாது" என்றார். எங்களைப் போன்ற பெற்றோருக்கென்று தனியாக ஒரு கூட்டமும் நடத்தினார். முதல் நாள் வாசலிலேயே ஓர் அம்மா, "வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் மகனுக்கும் இதே நோய். உள்ளே நாங்கள் கற்றதெல்லாம் வாயை மூடிக்கொள்வதுதான்.

சொந்தக்காரர்களுக்கு ஏது அந்தப் பயிற்சி? ஒருவர் மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக்கு அழைத்தார். இன்னொருவர் கேப்பைக் கூழ் ஊற்றச் சொன்னார். "இது பணக்காரங்க வியாதியாச்சே!" என்ற என் நாத்தனாரின் குரலில் இருந்தது வருத்தமா பெருமையா, இன்றுவரை தெரியவில்லை.

மகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடத் தொடங்கியபோது அதே நாத்தனார் வந்தார். அவள் கன்னத்தைக் கிள்ளி, "இப்பத்தான் கண்ணு நல்லா பூசினாப்புல இருக்க!" என்றார். சதை போட்டிருக்கிறாய் என்பதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் பக்கத்தில் கிடையாது. மகள் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனாள். "நல்லதுதான சொன்னேன், இதுக்கு எதுக்கு மூஞ்சத் தூக்கிக்கினு போறா?" என்றபடி நாத்தனார் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். ஊற்றினேன்.

மறுநாளும் மகள் ஒன்றும் தொடவில்லை. இத்தனை நாள் பட்ட பாடு வீணாகிவிட்டது என்று பயந்துபோய், கூட்டத்தில் பழகிய அந்த அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். கையெல்லாம் இட்லி மாவு, அதனால் ஸ்பீக்கரில் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அது கெடக்கட்டும். நீங்க சாப்டீங்களா?"

அதை என்னிடம் யாரும் கேட்டுப் பல நாளாயிற்று. உள்ளறையிலிருந்து மகள்தான் பதில் சொன்னாள்: "இல்ல ஆன்ட்டி. நேத்துலேர்ந்து அம்மாவும் ஒண்ணும் சாப்புடல."

வெளியே வந்து எனக்குத் தட்டு வைத்து, இட்லி போட்டு, எதிரில் உட்கார்ந்து என் தட்டையே முறைத்தாள்.

"மொறைக்காதடி, டாக்டர் என்னா சொன்னாரு?" என்றேன்.

சிரித்துவிட்டாள். சிரித்தபடியே என் இட்லியில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் கேக்காத" என்றாள்.

நான் கேட்கவில்லை.